மின்கருவியால் மரம் செதுக்கத் தொடங்குதல்: கிரைண்டரில் இருந்து தாமரை வரை

உளியும் கொட்டாப்புளியும் கொண்டு ஒரு பகல் முழுக்க எடுக்கிற கழிவு மரத்தை, வட்ட டிஸ்கைச் சுழற்றும் கை மிசினான கிரைண்டர் அரை மணித்தியாலத்தில் எடுத்துத் தந்துவிடும். அதே வேகத்தில் வேலையையும் கெடுத்துவிடும். உளி தவறினால் ஒரு சிராய் போகும். கிரைண்டர் தவறினால் ஒரு இதழே போகும். அதனால் எந்த மிசின் வாங்குவது என்பதைவிட, எந்த மிசினை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். கழிவை எடுக்கக் கிரைண்டர், தளத்தைத் தாழ்த்த ட்ரிமர் (நிமிர்ந்து சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் சிறு மிசின்), வளைவுகளை உருவாக்கச் சிறிய பர் பிட் (சுழன்று அரைத்து வெட்டும் சிறு முனை). கடைசிக் கூர்மைக்கு இப்போதும் உளிதான். வாகனமும் தேர்ப் பலகையும் செய்கிற ஆசாரிமார் மின்கருவிக்கு மாறிய பின்னும் உளிப்பெட்டியை மூடி வைக்காததற்குக் காரணம் இதுதான்.

கீழே வருவது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கிடைக்கிற மரத்தையும், நம் வளவுக் கொட்டில்களின் நிலைமையையும் மனதில் வைத்து எழுதியது.

எதை முதலில் வாங்குவது

முதல் மிசின் 4 அங்குல, அதாவது 100 மி.மீ கிரைண்டர். 700 முதல் 850 வோட்ஸ் போதும். 5 அங்குலம், 7 அங்குலம் எல்லாம் இரும்பு வேலைக்காரருக்கு. பாரம் கூடினால் கை சீக்கிரம் களைக்கும், களைத்த கைதான் வழுக்கும். சாதாரண 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முதல் 12,000 சுற்று ஓடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை கிடைத்தால் கொஞ்சம் காசு கூடினாலும் அதை எடுங்கள், மரம் கருகுவது குறையும். சுவிட்ச் இரண்டு வகை. தள்ளிவிட்டால் ஓடிக்கொண்டே இருப்பது ஒன்று. கையால் அழுத்திப் பிடிக்கும் வரை மட்டும் ஓடுவது மற்றது. தொடங்குகிறவருக்கு இரண்டாவதுதான் சரி. கை விட்டால் மிசினும் நிற்கும்.

வாங்கும்போது இரண்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 4 அங்குலக் கிரைண்டரின் தண்டு பொதுவாக 10 மி.மீ மரை, டிஸ்கின் துளை 16 மி.மீ. 115, 125 மி.மீ கிரைண்டர்களில் தண்டு 14 மி.மீ மரை, டிஸ்கின் துளை 22 மி.மீ சொச்சம். இணையத்தில் பார்த்து வரவழைக்கிற மரச்செதுக்கு டிஸ்குகளில் பல இந்த 22 மி.மீ துளைக்கே செய்யப்பட்டவை. அதைச் சின்னக் கிரைண்டரில் கடதாசி சுற்றியோ வொஷர் வைத்தோ பூட்டவே கூடாது. நடு மையம் ஒரு மி.மீ தள்ளினாலும் 11,000 சுற்றில் கை மரத்துப்போகிற அளவு அதிரும், தண்டின் பெயரிங்கும் போய்விடும்.

டிஸ்கில் முதல் மூன்று மாதத்துக்கு, சாண்ட் பேப்பர்த் துண்டுகளை வட்டமாக அடுக்கி ஒட்டிய ஃபிளாப் டிஸ்க் மட்டும் போதும்: 40 நம்பர் இரண்டு, 80 நம்பர் இரண்டு. இரும்புக்கு என்று விற்பார்கள். மரத்துக்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் இரும்பில் ஒரு முறை பிடித்த டிஸ்கை மரத்தில் பிடிக்க வேண்டாம். இரும்புத் துகள் மரத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கருநீலப் புள்ளியாக எழும். தேக்கில் அது நன்றாகத் தெரியும், சாண்ட் பேப்பரால் போகவும் போகாது. கை பழகிய பிறகு, முள்முள்ளாக டங்ஸ்டன் கார்பைட் ஒட்டிய செதுக்கு டிஸ்க் ஒன்று வாங்கலாம். அது மரத்தை வேகமாக எடுக்கும், பல வருடம் உழைக்கும்.

வாங்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, மரம் அறுக்கிற பல் பிளேட்டைக் கிரைண்டரில் பூட்டுவது. எங்கள் பக்கம் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். கிரைண்டரின் கவசமும் கைப்பிடியும் அந்த வேலைக்குச் செய்யப்பட்டவை அல்ல. பல் மரத்தில் கடித்தால் மிசின் முழுவதும் தூக்கி அடிக்கும், அடிபடுவது தொடை, வயிறு, கழுத்து. மற்றது, செயின்சோ சங்கிலியை வட்டமாகச் சுற்றிய டிஸ்க். அனுபவசாலிகள் பயன்படுத்துகிறார்கள்தான். தொடக்கக்காரரின் கையில் அது வேண்டாம்.

இரண்டாவது மிசின், சிறிய பர் பிட் சுழற்றுவது. இதில் இரண்டு வழி. கடைகளில் மினி கிரைண்டர் என்று விற்கிற, கையில் பிடிக்கும் ரோட்டரி டூல் ஒன்று. 3.2 மி.மீ தண்டுள்ள பிட் போடலாம், வேகம் 5,000 முதல் 30,000க்கு மேலும் போகும். சிறு அலங்காரத்துக்கு நல்லது. பெரிய வேலையில் சூடாகிவிடும். மற்றது, மேலே கொளுவித் தொங்கவிடுகிற மோட்டரும், அதிலிருந்து வரும் வளையும் ஷாஃப்டும், நுனியில் பேனை போன்ற கைப்பிடியும், காலால் மிதிக்கிற வேகக் கட்டுப்பாடும். செதுக்கல்தான் உங்கள் நோக்கம் என்றால் இதையே எடுங்கள். பாரமும் சூடும் மோட்டரில் இருக்கும், கையில் பிடியின் பாரம் மட்டும். காலை எடுத்ததும் வேகம் குறையும். ஷாஃப்டைக் கூராக மடிக்காமல் பெரிய வளைவாக விடுங்கள். மடித்து ஓட்டினால் உள்ளே சுழலும் கம்பி சூடேறி அறும். சில மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கம்பியை வெளியே இழுத்துத் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் பூசுங்கள். அதிகம் பூசினால் கைப்பிடிக்குள் வழிந்து வரும்.

பிட் பிடிக்கும் கொலெட்டின் அளவில்தான் தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவார்கள். 6 மி.மீ தண்டும் கால் அங்குலத் தண்டும் கண்ணுக்கு ஒன்று போலிருக்கும். கால் அங்குலம் 6.35 மி.மீ. கால் அங்குலக் கொலெட்டில் 6 மி.மீ பிட் இறுகியது போலத் தெரியும், ஓட்டத் தொடங்கியதும் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து வரும். நகர நகரத் தண்டு நீளும், நீண்ட தண்டு வளையும், பிறகு பறக்கும். ஒரு பிட் வாங்கினால் அதன் தண்டை வேர்னியர் வைத்து அளந்து, டப்பாவில் எழுதி வையுங்கள். பூட்டும்போது தண்டை அடி வரை தள்ளி, ஒன்று இரண்டு மி.மீ பின்னால் இழுத்து இறுக்க வேண்டும். பாதித் தண்டு மட்டும் உள்ளே இருக்கப் பூட்டுவது ஆபத்து.

பிட்டில் ஐந்து உருவம் போதும்: 10 அல்லது 12 மி.மீ உருண்டை, 6 மி.மீ உருண்டை, நேரான உருளை, தீச்சுவாலை போல நுனி கூரானது, தலைகீழ்க் கூம்பு. இரும்புக்குச் செய்த குறுக்குவெட்டுக் கார்பைட் பிட்டுகள் மலிவு. ஆனால் வேம்பு, பலா போன்ற பிசினோ பாலோ உள்ள மரத்தில் பல்லிடுக்கு ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடும். அடைத்த பிட் வெட்டாது, தேய்த்து எரிக்கும். முள்முள்ளாக உள்ள மரத்துக்கான கார்பைட் பிட் விலை கூட, 12 மி.மீ உருண்டை ஒன்றை மட்டுமாவது அந்த வகையில் வாங்குங்கள். வைரத்தூள் பிட்டுகள் கடும் மரத்தில் கண், நகம், நரம்பு போன்ற நுணுக்கத்துக்கு மட்டும்.

மூன்றாவது, 6 மி.மீ கொலெட் உள்ள ட்ரிமர். புடைப்புச் செதுக்கலில் உருவத்தைச் சுற்றியுள்ள பின்தளத்தை ஒரே ஆழத்தில் தாழ்த்த இதைவிட வேகமான வழி இல்லை. 6 மி.மீ நேர் பிட், 90 பாகை V பிட், உருண்டை நுனிப் பிட் என்று மூன்று வாங்கினால் முதல் வருடத்துக்குப் போதும்.

எந்த மிசினாக இருந்தாலும், பூட்டுகிற டிஸ்கிலோ பிட்டிலோ எழுதியுள்ள உச்ச வேகம் மிசினின் வேகத்துக்குச் சமனாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். எழுதாத சாமான் வேண்டாம்.

மரம்

முதல் ஆறு மாதத்துக்கு மகோகனி அல்லது வேம்பு. மகோகனி சீராக வெட்டும், மரக்காலையில் கேட்டால் துண்டுகளும் கிடைக்கும். வேம்பு கொஞ்சம் கடினம். நார் ஒன்றுக்கொன்று பின்னி ஓடும், உளி பிடிக்கிறவருக்கு எரிச்சல் தரும் மரம். பர் பிட்டுக்கு அது பிரச்சினை இல்லை. பூவரசு நுணுக்க வேலைக்கு அருமை, பெரிய பலகை கிடைப்பது கஷ்டம். தேக்கில் இயற்கையாகவே மணல்சத்து உண்டு. உளியையும் சாதாரண உருக்குப் பிட்டையும் சீக்கிரம் மொட்டையாக்கும், கார்பைட் தாக்குப்பிடிக்கும். தென்னையும் பனையும் செதுக்கலுக்கு எடுக்க வேண்டாம். அவற்றின் கறுப்பு நார் கம்பி போல, இடையில் உள்ளது சோறு போல. பிட் ஓடினால் நார் மட்டும் தும்பு தும்பாக நிற்கும்.

முதிரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பளபளப்பும் நிறமும் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். உளியில் வேலை செய்த காலத்தில் தூள் குறைவு. கிரைண்டர் அதை மாவாக்கிக் காற்றில் விடுகிறது, வியர்வையோடு கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும். முதல் மரமாக முதிரையை எடுக்க வேண்டாம். எடுத்தால் முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டு, வேலை முடிந்த உடனேயே குளியுங்கள். கருங்காலித் தூளும் மூக்கையும் கண்ணையும் கடிக்கும்.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். காட்டு மரங்களைக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அயலவர் வளவில் பலா வெட்டித் தருகிறேன் என்றாலும் யோசியுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருபவை. பழைய வீட்டுக் கதவு, நிலை, வளை மரம் கிடைத்தால் அதுதான் நல்லது, பல வருடம் காய்ந்தது. ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்து முழுதும் தடவிப் பார்த்த பிறகே பிட் வையுங்கள்.

பச்சை மரம் வாங்கியிருந்தால், வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் பழைய பெயின்டோ உருக்கிய மெழுகுதிரியோ தடித்துப் பூசுங்கள். மரம் வேகமாக நீர் இழப்பது முனையால்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூசாமல் வெளியே வைத்த கட்டை சில நாட்களிலேயே வெடிக்கும். நிழலில், நிலத்தில் படாமல், இடையில் குச்சி வைத்து அடுக்குங்கள். காய்ந்துவிட்டதா என்று அறியத் தராசு போதும். கிழமைக்கு ஒரு முறை நிறுத்து எழுதுங்கள். மூன்று நான்கு கிழமை நிறை மாறாவிட்டால் காய்ந்தது. மாரியில் நிறுத்தால் நிறை கூடக்கூடச் செய்யும், அதையும் கணக்கில் எடுங்கள்.

வேலை செய்யும் இடம்

வீட்டு விறாந்தை சரிவராது. தூள் சோற்றுப் பானை வரை போகும். வளவில் மூன்று பக்கம் திறந்த ஒரு கொட்டில் போதும். கூரை தகரமாக இருக்கட்டும். கிடுகுக் கூரைக்குக் கீழே, மரத்தூள் குவிந்த இடத்தில், கிரைண்டர் பொறியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே இடத்தில் இரும்பு வெட்டுவதை முற்றாகத் தவிருங்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். கரண்ட் உள்ள சாமானில் தீ பிடித்தால் மணல்தான், தண்ணீர் அல்ல. காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து தூளை உங்களுக்கு முன்னால் கொண்டுபோகிற மாதிரி நில்லுங்கள்.

வீட்டு மின்பலகையில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அது 30 மில்லி அம்பியரில் விழுகிறதா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதத்துக்கு ஒரு முறை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். நீள வயர் தேவையென்றால் 1.5 சதுர மி.மீ மூன்று நூல் வயர். மெல்லிய வயரில் 20 மீற்றர் இழுத்தால் மிசினுக்குப் போகும் அழுத்தம் குறைந்து மோட்டர் சூடாகும். சுருட்டி வைத்தபடி ஓட்ட வேண்டாம், சுருளே சூடாகி உருகும்.

கரண்ட் வெட்டு நம் வாழ்க்கையில் ஒரு பகுதி. கிரைண்டர் ஓடும்போது கரண்ட் போனால், அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். தள்ளு சுவிட்ச் ‘ஓன்’ நிலையிலேயே இருக்கும். கரண்ட் திரும்பும் போது யாருமில்லாத மேசையில் மிசின் துள்ளி ஓடும், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கக்கூடும். கரண்ட் போன கணமே பிளக்கைக் கழற்றுவதைப் பழக்கமாக்குங்கள். டிஸ்கோ பிட்டோ மாற்றும்போதும் அப்படித்தான். சுவிட்சை நிறுத்தினால் போதாது.

உடை: சாரம் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்க வேண்டாம். காற்சட்டையும் மூடிய சப்பாத்தும். சால்வை, முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கோயிலில் கையில் கட்டிய நூல் எல்லாம் சுழலும் சாமானுக்கு இரைதான். நூலைக் கழற்ற மனமில்லை என்றால் இறுக்கமான முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து, மணிக்கட்டில் ரப்பர் பட்டி போடுங்கள். நீள முடியை முடிந்து தொப்பிக்குள் விடுங்கள். நூல் கையுறை கூடாது, பிட் அதைச் சுற்றி விரலையும் சேர்த்து இழுக்கும்.

கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் முழு முகக் கவசம். கிரைண்டரின் இரைச்சலுக்குக் காதில் அடைப்பான். தூளுக்கு என்95 தரத்துக்குக் குறையாத மாஸ்க். துணி மாஸ்க்கோ கைலேஞ்சியோ மெல்லிய தூளைத் தடுக்காது. மரத்தூளை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. மூக்கின் உட்குழிவில் வரும் புற்றுநோயே முக்கியமானது, அது பல வருடம் கழித்துத்தான் தெரியும். நாளுக்கு எட்டு மணித்தியாலம் இந்தத் தூளில் நிற்கிற ஓடாவிமாருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தொடங்குகிறவராவது முதல் நாளே மாஸ்க்கோடு தொடங்க வேண்டும்.

சுழலும் திசை

இதை விளங்கிக்கொள்ளாமல் பிட்டை மரத்தில் வைக்க வேண்டாம். கைப்பிடியின் பின்னாலிருந்து பார்த்தால் பர் பிட் மணிக்கூட்டுத் திசையில் சுழலும். வலது கையில் பிடித்து நுனியை இடப்பக்கம் நீட்டி மரத்தில் வைத்தால், மரத்தில் படுகிற கீழ்ப்பக்கம் உங்களை நோக்கி ஓடுகிறது. அப்போது பிட் சில்லு போல உருண்டு உங்களை விட்டு அப்பால் ஓடப் பார்க்கும். நீங்கள் உங்களை நோக்கி இழுத்தால் அந்த ஓட்டத்தை எதிர்த்து வெட்டுகிறீர்கள். கை கட்டுப்பாட்டில் இருக்கும். அப்பால் தள்ளினால் பிட் தானாக ஓடிப்போய் நீங்கள் விரும்பாத இடத்தில் வரி கீறும். இடது கைக்காரருக்கு எல்லாம் மாறி வரும்: இழுத்தால் பிட் உடம்பை நோக்கி ஓடும். அவர்கள் தள்ளி வெட்டப் பழக வேண்டும், அல்லது திசை மாற்றும் சுவிட்ச் உள்ள மிசின் வாங்க வேண்டும்.

கிரைண்டரின் தலையில் அம்புக்குறி இருக்கும். டிஸ்கின் விளிம்பு மரத்தில் சிக்கினால், சிக்கிய இடத்தில் டிஸ்க் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு நேரெதிர்ப் பக்கம் மிசின் எறியப்படும். ஆகவே, உங்களை விட்டு அப்பால் ஓடுகிற விளிம்பு சிக்கினால் மிசின் உங்கள் மேல் வரும். மரத்தில் எந்த விளிம்பு படுகிறது என்பதை ஓட்டத் தொடங்குமுன் அம்புக்குறியைப் பார்த்து மனதில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பக்கக் கைப்பிடியும் கவசமும் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். ஒரு கையால் கிரைண்டர் பிடிப்பது எவ்வளவு பழகியவருக்கும் பிழை.

மரத்தை ஒருபோதும் கையாலோ காலாலோ பிடித்துக்கொண்டு கிரைண்டர் பிடிக்காதீர்கள். நிலத்தில் குந்தி, பாதத்தால் கட்டையை மிதித்துச் செதுக்குவது உளிக்குப் பழகிய முறை. கிரைண்டருக்கு அது பாதத்தைக் கொடுப்பதற்குச் சமன். முழங்கை உயரத்தில் பாரமான மேசை. பலகையின் பின்னாலிருந்து ஒரு கழிவுப் பலகையில் திருகாணி பூட்டி, அந்தக் கழிவுப் பலகையை ஜி கிளாம்ப் இரண்டால் மேசையோடு இறுக்குங்கள். முன்பக்கம் எந்தத் தடையும் இருக்காது. உருண்டைச் சிலைக்கு, சாக்கில் முக்கால்வாசி மணல் நிரப்பி அதில் பதித்து வைத்தால் பர் பிட் வேலை வரை தாங்கும். கிரைண்டருக்கு அது போதாது.

முதல் வேலை: எட்டிதழ்த் தாமரை

தாமரை ஏன் என்றால், குழிவு, மேடு, விளிம்பு, ஒன்றன்கீழ் ஒன்று போகும் அடுக்கு எல்லாம் ஒரே வேலையில் வந்துவிடும். கதவிலும் சாமி பீடத்திலும் அதற்கு எப்போதும் இடமுண்டு.

10 அங்குலச் சதுரம், ஒன்றரை அங்குலத் தடிப்பு, நன்றாகக் காய்ந்த மகோகனி அல்லது வேம்பு. குறுக்கு மூலைகளை இணைத்து நடுவைக் கண்டு, 200 மி.மீ விட்டத்தில் வெளிவட்டமும் 50 மி.மீ விட்டத்தில் நடுவட்டமும் போடுங்கள். வட்டத்தை எட்டாகப் பிரிக்கும்போது முதல் இதழின் நடுக்கோட்டை நார் ஓடும் திசையில் வைக்காமல், அதிலிருந்து 22.5 பாகை திருப்பி வையுங்கள். காரணம் இது: நாருக்குச் சரி குறுக்காகப் படுக்கிற இதழின் நுனியில் நார் மிகக் குட்டை, தொட்டால் உடையும். திருப்பி வைத்தால் எந்த இதழும் சரி குறுக்காக வராது. இப்படி நடுவட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை எட்டு இதழையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பின்தளம். ட்ரிமரில் 6 மி.மீ நேர் பிட் போட்டு, மொத்தம் 12 மி.மீ ஆழம் எடுக்க வேண்டும். ஒரே தடவையில் அல்ல. 3 மி.மீ வீதம் நான்கு தடவை. இதழ்க் கோட்டுக்கு 2 மி.மீ வெளியே நின்றுகொள்ளுங்கள்; அந்த 2 மி.மீ பிறகு பர் பிட்டுக்கு. ட்ரிமர் நிற்கத் தளம் வேண்டும் என்பதால் பலகையின் நான்கு ஓரத்திலும் ஒரு சட்டம் போல எடுக்காமல் விடுங்கள், அதுவே கரையாகவும் அமையும். கோட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே அகலமான இடத்தில் ட்ரிமர் தடுமாறினால், அடித்தட்டில் ஒரு நீளத் தகடு பூட்டி இரண்டு பக்கமும் தாங்கலாம்.

பின்தளம் முடிந்ததும் பூ ஒரு தட்டையான வட்டத் திடல் போல நிற்கும். இப்போது கிரைண்டரில் 40 நம்பர் ஃபிளாப் டிஸ்க். நடுவட்டத்தை முழு உயரத்தில் விட்டு, அங்கிருந்து வெளியே போகப் போகச் சரித்து, இதழ் நுனியில் 6 மி.மீ தாழ்த்துங்கள். நுனியில் பின்தளத்துக்கு மேலே 6 மி.மீ மரம் மிச்சம் நிற்கும். டிஸ்கைத் தட்டையாக அமத்தாமல் 10 முதல் 15 பாகை சாய்த்து, ஒரே இடத்தில் நிற்காமல் துடைக்கிற மாதிரி ஓட்டுங்கள். டிஸ்கின் விளிம்பைப் பின்தளத்துக்குள் இறக்க வேண்டாம், அங்கே அது அரைவட்டக் காயம் போடும். இந்த வேலை பத்து நிமிடம்தான். கிரைண்டரின் பங்கு இதோடு முடிந்தது, பிளக்கைக் கழற்றி அப்புறம் வையுங்கள்.

பென்சில் கோடெல்லாம் போயிருக்கும். திரும்ப வரையுங்கள். இந்த இடத்தில் சோம்பினால் இதழ் எட்டும் எட்டு விதமாகப் போகும். எந்த இதழ் மேலே, எது கீழே என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள்: நான்கு மேல், நான்கு கீழ், மாறி மாறி.

வளையும் ஷாஃப்டில் உருளைப் பிட். கீழ் இதழ்களை, மேல் இதழின் கோட்டை ஒட்டி 3 மி.மீ தாழ்த்துங்கள். பிறகு 12 மி.மீ உருண்டை போட்டு, ஒவ்வொரு இதழின் நடுவிலும் நீளவாக்கில் குழிவு எடுங்கள். ஆழம் நடுவில் 3 மி.மீ, ஓரத்தில் 2 மி.மீ அகலத்துக்குக் கரை விட வேண்டும். நுனியிலிருந்து நடுவட்டம் நோக்கி இழுங்கள். வெளியே நுனியை நோக்கி ஓடினால் பிட் கடைசியில் துள்ளி நுனியைக் கொத்தும். எட்டையும் பாதி ஆழம் எடுத்து முடித்த பிறகே ஒன்றையாவது முழு ஆழத்துக்குப் போங்கள். ஒன்றை முதலில் முடித்து அதைப் பார்த்து மற்றதைச் செய்வதைவிட, எல்லாம் சேர்ந்து வளர்ந்தால்தான் சமனாக வரும்.

6 மி.மீ உருண்டையால் நடுவட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால். கூர்நுனிப் பிட்டால் இதழுக்கு மூன்று நரம்பு, வேகத்தைக் குறைத்து, ஒரே இழுவையில். நடுவட்டத்தை மெல்ல உருட்டி, தலைகீழ்க் கூம்பால் சிறு புள்ளிகள் வைத்தால் விதைப்பை ஆகும்.

இதழ் விளிம்பின் அடியை உள்நோக்கி வெட்டுவது கடைசியில்தான். அந்த நிழல்தான் பூவைப் பலகையிலிருந்து தூக்கிக் காட்டும். ஆனால் அடி வெட்டிய இதழுக்குப் பலம் போய்விடும்; அதற்குப் பிறகு மேலே பெரிய பிட் வைக்கக் கூடாது. 2 மி.மீக்கு மேல் உள்ளே போக வேண்டாம். மேல் இதழும் கீழ் இதழும் சந்திக்கும் மூலையில் எந்த உருண்டைப் பிட்டும் ஒரு வட்டத்தை விட்டுத்தான் வரும். அங்கே உளி. தீட்டிய கால் அங்குல உளியால் இரண்டு தட்டு, மூலை கத்தி போலத் தெளிந்துவிடும்.

பிழை வரும் இடங்கள்

மரம் கருகி மண்ணிறக் கோடு விழுந்தால், பிட் அடைத்திருக்கிறது, அல்லது அழுத்தம் கூட, அல்லது ஒரே இடத்தில் நின்றுவிட்டீர்கள். பிட்டுக்கு அழுத்தம் தேவையில்லை. வெட்டவில்லை என்றால் அமத்தாமல் பிட்டைப் பாருங்கள். அடைத்த கார்பைட் பிட்டை மண்ணெண்ணெயில் ஒரு மணித்தியாலம் போட்டு, பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு எடுங்கள்.

பிட் துள்ளித் துள்ளி மேற்பரப்பு அலையாகினால், பெரும்பாலும் வேகம் குறைவு அல்லது தண்டு அதிகம் வெளியே. கை காற்றில் நிற்பதும் ஒரு காரணம். சுண்டுவிரலை எப்போதும் மரத்தில் ஊன்றி வையுங்கள், பேனை பிடித்து எழுதுகிற மாதிரி. இதழ் நுனி உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து, மரப்பசை வைத்து, ரப்பர் பட்டி போட்டு ஒரு நாள் விடுங்கள். மற்ற நுனிகளைக் கொஞ்சம் தடிப்பாக விட்டுத் தொடருங்கள்.

கிரைண்டரின் காற்றுவாய்க்குள் நீலப் பொறி வட்டமாகத் தெரிந்தால், பெரும்பாலும் மோட்டருக்குள் கரண்டைக் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மிசின் வாங்கும்போதே ஒரு சோடி வாங்கி வையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் மிசினின் காற்றுவாயில் தூரிகை போட்டுத் தூளை எடுத்து, பிட்டுகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். உப்புக்காற்றும் மரத்தூளும் சேர்ந்தால் உருக்குத் தண்டும் கொலெட்டும் ஒரே மாரியில் துரு பிடிக்கும். துரு பிடித்த கொலெட் பிட்டை நேராகப் பிடிக்காது.

தேய்த்து முடித்தல்

80, 120, 180, 240 என்று சாண்ட் பேப்பர். ஒரு நம்பரைத் தாண்டினால் முன் நம்பரின் கீறல் எண்ணெய் பூசிய பிறகு பல்லிளிக்கும். குழிவுக்குப் பேப்பரை ஒரு துண்டு ரப்பர்க் குழாயில் சுற்றித் தேயுங்கள். 180 முடிந்ததும் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார் எழும்பும். பிறகு 240. அதன்பின் தண்ணீர் பட்டாலும் சொரசொரப்பு அதிகம் வராது.

சுவரிலோ உள் கதவிலோ நிற்கும் வேலைக்கு லின்சீட் எண்ணெய் மூன்று பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் இரண்டு மூன்று நாள். பூசிப் பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைக்காவிட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும், மாரியில் காயவே காயாது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிய வேண்டாம். லின்சீட் எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற முடியாமல், யாரும் நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். துணியை வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், விறைத்துப் போன பிறகு குப்பையில் போடலாம்.